உதிரிப்பாகமும் கொழுந்துக்கூடையும்: ஊவா மலைநாட்டின் நோக்கில் இலங்கைப் படைக்களஞ்சியம்

படைகளின் வரலாற்றை எழுதுவோர் போர்க்களங்களையும் தளபதிகளையும் பற்றி விரிவாக எழுதுவர். களஞ்சியங்களைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயின் நவீன படையொன்றின் வலிமை, அதனிடமுள்ள வாகனங்களினதும் விமானங்களினதும் தொகையில் மட்டும் தங்கியிருப்பதன்று. அவற்றுள் எத்தனை இன்று இயங்கும் நிலையில் உள்ளன என்பதே உண்மையான கணக்கு. அக்கணக்கைத் தீர்மானிப்பவை களஞ்சியத் தட்டுகளில் எண்ணிட்டு அடுக்கப்பட்டிருக்கும் பெயாரிங்குகள், வடிகட்டிகள், எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் முதலிய சிறு பொருள்களேயாகும்.

மலையகத் தோட்டத் தமிழில் தேயிலைத் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என வழங்குவர். கொழுந்துக்கூடை வந்து சேரும் இடம் அது. படைமுகாமிலும் ஒரு 'ஸ்டோர்' உண்டு. உதிரிப்பாகங்கள் அடுக்கப்பட்டிருக்கும் இடம் அது. எல்லவுக்கு அண்மையிலுள்ள தியத்தலாவைப் பகுதியில் இவ்விரு ஸ்டோர்களும் ஒரே புகையிரதப் பாதையின் ஓரத்தில், சில மைல் இடைவெளியில், அரை நூற்றாண்டுக்கு மேலாக அருகருகே இருந்து வந்துள்ளன. இவ்விரண்டுக்குமிடையே நிலவிய பொருளாதார உறவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பாதையும் பாசறையும்

களஞ்சியம் போரின் இலக்காக அமைவதை ஊவா மக்கள் முன்னரே அறிந்திருந்தனர். 1817-18 ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியை அடக்க முனைந்த பிரித்தானியப் படை, குடியானவரின் நெற்களஞ்சியங்களையும் வீடுகளையும் எரித்துக் கால்நடைகளை அழித்தது. எதிரியின் சேமிப்பை அழிப்பதும் தனது சேமிப்பைக் காப்பதும் ஒரே போர்முறையின் இரு பக்கங்கள் என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

பின்னர்க் கோப்பியும் அதனையடுத்துத் தேயிலையும் மலைச்சரிவுகளில் பரவின. தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர் காடழித்து, பாதை வெட்டி, கொழுந்து பறித்தனர். தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்திற்கு இறக்கவும், அரிசியையும் ஆலை இயந்திரங்களையும் மலைக்கு ஏற்றவும் புகையிரதம் வேண்டப்பட்டது. பாதை 1885இல் நானுஓயாவையும் 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது.

தியத்தலாவை இப்பாதையில் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையே உள்ளது. 1900இல் தென்னாபிரிக்கப் போரில் சிறைப்பட்ட போயர் கைதிகளை அடைத்து வைப்பதற்கு இவ்விடம் தெரிந்தெடுக்கப்பட்டது. குளிர்ந்த காலநிலை அதற்கு ஒரு காரணமாயின், அங்கு ஏற்கெனவே புகையிரதம் ஓடியமை மற்றொரு காரணம் எனலாம். ஏறத்தாழ ஐயாயிரம் கைதிகளுக்கு வேண்டிய தகரக் கொட்டகைகளும் உணவும் போர்வையும் தேயிலைக்கென அமைக்கப்பட்ட பாதை வழியாகவே வந்து சேர்ந்தன. தோட்டத்துக்காக எழுந்த அமைப்பு படைக்குப் பயன்பட்ட முதற் சந்தர்ப்பம் இதுவன்று. ஆயினும் ஊவாவில் மிகத் தெளிவான சந்தர்ப்பம் இதுவே.

இவ்வுறவின் மறுதலையையும் இங்கே காணலாம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்டது. அதற்கென ஒதுக்கப்பட்ட உருக்கு முதலாம் உலகப் போரின் தேவைக்குத் திருப்பப்பட்டமையாலேயே இவ்வாறு கட்ட நேர்ந்தது என்பது அப்பகுதியில் வழிவழியாக வழங்கும் கதை. கதையின் ஒவ்வொரு கூறும் மெய்யோ அன்றோ, அது ஒரு பொது உண்மையை உணர்த்துகின்றது: குடியேற்றநாடொன்றில் உருக்கு எப்போது வரும், வராது என்பதை அந்நாடு தீர்மானிப்பதில்லை.

2. களஞ்சியம் என்னும் ஒழுங்கு

இரண்டாம் உலகப் போர் இலங்கையை ஒரு பெருங்களஞ்சியமாக மாற்றியது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பும் 9ஆம் நாள் திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்குள்ளாயின. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் பறிபோன நிலையில், நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை றப்பரின் தலையாய ஊற்றாக இலங்கை விளங்கியது. மரங்களின் எதிர்காலத்தைப் பொருட்படுத்தாது பால் வடிக்கும்படி தோட்டங்கள் பணிக்கப்பட்டன. படைவாகனத்தின் உதிரிப்பாகங்களுள் மிக விரைவில் தேய்வது டயர். அதன் மூலப்பொருளைத் தந்தது தோட்டத் தொழிலாளியின் கத்தி. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு வந்தபோது, பேரரசின் போர்க்கணக்கு முழுவதும் மலைநாட்டிலிருந்தே எழுதப்பட்டது எனலாம்.

இதே காலத்திலேயே படைப்பராமரிப்புத் தனித் துறையாக வளர்ந்தது. 1942 ஒக்டோபர் 1ஆம் நாள் பிரித்தானிய இராணுவம் தனது மின், இயந்திரப் பொறியியற் படையணியை அமைத்தது. இதன் பின்னர்ப் பழுது பார்ப்போர் ஒரு பிரிவினராகவும், பாகங்களைச் சேமித்து வழங்குவோர் பிறிதொரு பிரிவினராகவும் பெரும்பாலும் பிரிந்தனர். பழுது பார்ப்பவன் வேண்டுவதைக் களஞ்சியக் காப்பாளன் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்ற நிலை தோன்றியது.

இம்முறையின் அடிப்படை எளியது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இலக்கம்; ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் இருப்பு அட்டை; வந்தது, போனது, எஞ்சியது ஆகியன அதில் பதியப்படும். ஒரு மாதத்தில் எத்தனை செலவாகும், கட்டளை அனுப்பினால் எத்தனை மாதத்தில் வந்து சேரும் என்ற இரு எண்களிலிருந்து மீளக் கோர வேண்டிய மட்டம் கணிக்கப்படும். வடிகட்டி போன்ற அடிக்கடி செலவாகும் பாகங்களில் இக்கணிப்பு ஓரளவு பொருந்தும். பத்தாண்டில் ஒருமுறை மட்டும் தேவைப்படும் பாகமோ காப்புறுதி போன்றது: வைத்திருந்தால் பணம் முடங்கும், வைத்திராவிடில் இயந்திரம் முடங்கும். வழங்குபவன் கடல் கடந்து இருப்பானாயின் காத்திருக்கும் காலம் நீளும். அதற்கேற்பக் களஞ்சியமும் பெருக்க வேண்டும். எனவே வறிய நாடொன்று செல்வந்த நாட்டை விட அதிக இருப்பு வைக்க வேண்டியதாகின்றது. அதற்கான பணமோ அதனிடம் குறைவு. இம்முரண்பாடே பின்வரும் வரலாற்றின் திறவுகோலாகும்.

சேமிப்பும் ஒரு தொழில்நுட்பமே. வெப்பமண்டல ஈரம் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். றப்பர் வளையங்கள் பயன்படுத்தாமலே காலாவதியாகும். மின்கம்பிகளின் உறையில் பூஞ்சணம் பற்றும். ஆகவே உலோகப் பாகங்களுக்குக் கொழுப்புப் பூசி மெழுகுத் தாளிற் சுற்றி வைத்தல், முதலில் வந்ததை முதலில் வழங்குதல், நெடுங்காலம் நிறுத்தி வைக்கும் எஞ்சினுக்குக் காப்பெண்ணெய் இட்டு வாய்களை அடைத்தல் ஆகியன கட்டாய விதிகளாயின. வடகீழ்ப் பருவமழையும் மூடுபனியும் மாறிமாறி வரும் ஊவாவில் இவ்விதிகளின் பொருளைத் தேயிலை ஸ்டோரில் பணியாற்றியோர் நன்கு அறிவர். ஈரம் புகுந்தால் தேயிலையும் கெடும், இயந்திரமும் கெடும்.

3. சுதந்திரமும் பாகங்களும்

இலங்கை இராணுவம் 1949 ஒக்டோபர் 10ஆம் நாளும், விமானப்படை 1951 மார்ச் 2ஆம் நாளும் உருவாயின. தியத்தலாவை இராணுவத்தின் பயிற்சி நிலையமாயிற்று. 1957இல் திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் இருந்த பிரித்தானியத் தளங்கள் கையளிக்கப்பட்டன. கொட்டகைகளும் தட்டுகளும் பதிவேட்டு முறையும் நம் நாட்டிற்குக் கிடைத்தன. அத்தட்டுகளை நிரப்பும் தொழிற்சாலைகளோ பிரித்தானியாவிலேயே இருந்தன. அரசியற் சுதந்திரத்திற்கும் பொருளாதாரச் சுதந்திரத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இதனினும் பருமையான சான்று வேண்டியதில்லை.

தேயிலை ஸ்டோரின் நிலை சற்று வேறுபட்டது. பெல்பாஸ்ற் நகரின் சிறொக்கோ உலர்த்திகளும் இங்கிலாந்தின் உருட்டிகளும் அங்கும் இறக்குமதியானவையே. ஆயினும் கொழும்பில் வாக்கர் கம்பனி, கொழும்பு வணிகக் கம்பனி முதலியன தேயிலை இயந்திரங்களையும் பாகங்களையும் இங்கேயே வார்த்தும் கடைந்தும் வந்தன. மெதுவாகச் சுழலும் கனத்த இயந்திரத்துக்கு உள்ளூர் வார்ப்பாலை பாகம் செய்து கொடுக்க இயலும். ஜெட் எஞ்சினின் சுழலி அலகைக் கடைசற் பட்டறையில் செய்ய இயலாது. ஆகவே, ஒரு இயந்திரம் எவ்வளவு நவீனமானதோ அவ்வளவுக்கு அதனை வாங்கியவர் விற்றவரிடம் கட்டுண்டு கிடப்பர்.

அந்தப் பாகங்களுக்கான அந்நியச் செலாவணி எங்கிருந்து வந்தது? 1970ஆம் ஆண்டளவிலும் நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பாதிக்கு மேல் தேயிலையால் கிடைத்தது. அத்தேயிலையைப் பறித்தோர் யார்? 1947 தேர்தலில் பதுளை உட்பட ஏழு தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் வேட்பாளரைத் தெரிவு செய்த மக்கள். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்த மக்கள். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்பட என்று எண்ணிக் கொடுக்கப்பட்ட மக்கள். களஞ்சியப் பதிவேட்டில் ஒரு பெயாரிங்குக்கு இருந்த இலக்கமும் இருப்பிடமும் இம்மனிதருக்கு நாட்டின் பதிவேட்டில் இருக்கவில்லை என்பது மிகையன்று.

4. 1971: பூட்டப்பட்டிருந்த விமானங்கள்

1971 ஏப்ரல் 5ஆம் நாள் விடியற்காலையில், எல்லவிலிருந்து கீழிறங்கும் பாதையின் அடியிலுள்ள வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி அங்கிருந்து தொடங்கிற்று. விமானப்படை 1959 முதல் வாங்கிய ஜெட் புரொவோஸ்ட் விமானங்கள் அவ்வேளை சேவையிலிருந்து விலக்கப்பட்டுச் சீனன்குடாவிற் சேமிப்பில் வைக்கப்பட்டிருந்தன. சில நாட்களுக்குள் அவை மீண்டும் பறக்கும் நிலைக்குக் கொணரப்பட்டுக் கிளர்ச்சியாளருக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டன. களஞ்சியத் தொழிலின் நோக்கில் அது ஒரு திறமையான சாதனை. நன்கு காக்கப்பட்ட இயந்திரமே அவ்வாறு மீளும். அத்திறமை எவருக்கு எதிராகச் செலவாயிற்று என்பதை எண்ணும்போது அதனைப் புகழ்ந்துரைக்க மனம் ஒருப்படாது. வேலையற்ற கிராமத்து இளைஞரே பெருந்தொகையில் மாண்டனர். அவ்விளைஞர்தாமும் தமது அரசியல் வகுப்புகளில் 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்ற தலைப்பின் கீழ்த் தோட்டத் தொழிலாளரை ஐயத்துக்குரியோராகவே கற்றிருந்தனர்.

பிரித்தானியா, இந்தியா, பாகிஸ்தான், சோவியத் ஒன்றியம், ஐக்கிய அமெரிக்கா, யூகோசிலாவியா முதலிய முரண்பட்ட முகாம்களைச் சேர்ந்த நாடுகள் அரசுக்கு உதவ முன்வந்தன. சோவியத் மிக்-17 விமானங்களும் காமோவ் ஹெலிகொப்டர்களும் வந்தன. பிரித்தானிய, அமெரிக்க இயந்திரங்கள் அங்குல அளவின. சோவியத் இயந்திரங்கள் மில்லிமீற்றர் அளவின. ஒன்றின் திருகாணி மற்றொன்றுக்குப் பொருந்தாது. நூல்களும் எண்ணெய் வகைகளும் கருவிப்பெட்டிகளும் வேறு வேறு. அணிசேராமை அரசியலில் போற்றத்தக்க கொள்கையாயினும், களஞ்சியத்தில் அது பாக வகைகளின் பெருக்கமாகவே உருக்கொண்டது.

1972இல் விமானப்படையின் ஹெலிகொப்டர்ப் பிரிவு 'ஹெலிடூர்ஸ்' என்ற பெயரில் வெளிநாட்டு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. படைச்செலவுக்குப் பணமில்லாத நிலையில் படையின் இயந்திரமே வருவாய் தேட வேண்டியதாயிற்று.

5. விலை கொடுத்தோர்

இவ்விடத்தில் ஒரு மறுப்பை எதிர்கொள்ளல் வேண்டும். 1950களிலும் 60களிலும் இலங்கையின் படைச்செலவு சிறிதே. அந்நியச் செலாவணியின் பெரும்பகுதி உணவுக்கும் துணிக்கும் எரிபொருளுக்குமே சென்றது. ஆதலின் தோட்ட மக்களின் வறுமைக்குப் படைக்களஞ்சியமே காரணம் எனல் பொருந்தாது. இம்மறுப்பு நியாயமானதே. நாம் கூற முனைவதும் அதுவன்று. படைக்களஞ்சியம் நோய் அன்று, நோயின் குறி. ஒரே பயிரை விற்று எல்லா இயந்திரங்களையும் வாங்கும் பொருளாதாரத்தில், தேயிலை விலை சரியும்போது விமானமும் பேருந்தும் புகையிரத எஞ்சினும் ஒருங்கே உதிரிப்பாகத்துக்கு ஏங்கும். அவ்வேக்கத்தின் இறுதிச் சுமை, பேரம்பேசும் வலுவற்றவர் மீது விழும்.

1973-74 ஆம் ஆண்டுகளில் அது கண்கூடாயிற்று. எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறின. பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டது. கிராமத்தவர்க்குக் கிழங்கு நட ஒரு துண்டு நிலமேனும் இருந்தது. லயத்து மக்களுக்கு அதுவும் இருக்கவில்லை. 1974இல் தோட்டப்புற இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. இயந்திரத்துக்குக் குறைந்தபட்ச இருப்பு மட்டம் விதிக்கத் தெரிந்த ஓர் ஆட்சிமுறை, அதற்கு விலை தேடித் தந்த மனிதரின் உணவுக்கு அத்தகைய மட்டத்தை விதிக்கவில்லை.

ஒருவலையிலும் களனியிலும் சோவியத் உதவியுடன் 1960களில் எழுந்த உருக்கு, டயர்த் தொழிற்சாலைகள் இத்தளையை அறுக்கும் முயற்சிகளே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. ஆயினும் உழைப்போரின் உரிமையை மாற்றாத உடைமை மாற்றம் உறவை மாற்றாது. 1983இன் பின்னர்ப் போர் வளர, படைச்செலவு முன்னர்க் காணாத அளவுக்குப் பெருகியது. நாடற்றோராய் எஞ்சியிருந்த மலையக மக்களின் குடியுரிமைச் சிக்கலோ 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியபோது எரிபொருளும் மருந்தும் உதிரிப்பாகமும் ஒருங்கே அருகின. பழைய சமன்பாடு அழியாமல் இருந்தமையை அந்நெருக்கடி உணர்த்திற்று.

இவ்வரலாற்றை மேலும் துலக்குவதற்குப் படைத்துறை ஆவணங்களை மட்டும் நம்பியிருத்தல் போதாது. தோட்டத் தொழிற்சாலைகளின் பழைய இருப்புப் பதிவேடுகள், புகையிரதச் சரக்குக் கணக்குகள், ஸ்டோரில் உழைத்து ஓய்ந்த முதியோரின் வாய்மொழிகள் ஆகியன உரிய காலத்தில் திரட்டப்படல் வேண்டும். எத்தனை பாகங்கள் தட்டில் இருந்தன என்பதைக் களஞ்சியக் காப்பாளன் எழுதி வைத்தான். அவை எவருடைய உழைப்பால் அங்கு வந்தன என்ற மறுபக்கக் கணக்கை எழுதுவது ஆய்வாளரின் கடன்.