அன்னாசி

அன்னாசி (தாவரவியல் பெயர்: அனனாஸ் கொமோசஸ்) என்பது பிரொமிலியேசியே குடும்பத்தைச் சேர்ந்த வெப்பமண்டலப் பல்லாண்டுத் தாவரமும் அதன் பழமும் ஆகும். இதன் தாயகம் தென் அமெரிக்கா. 1493 ஆம் ஆண்டில் கொலம்பசு இதனைக் குவாதலூப்புத் தீவில் கண்டார். 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இந்தியாவுக்குக் கொண்டு வந்தனர். தமிழ்ப் பெயரும் அவர்கள் மொழியின் 'அனனாஸ்' என்பதன் திரிபே. இலைகள் தாழை மடலை ஒத்திருப்பதால் பறங்கித்தாழை என்றும் அழைக்கப்படுகிறது.

கொங்கு நாட்டில் அன்னாசிக்குப் பெயர் பெற்றது நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை. ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ள இம்மலையில் மலையாளிப் பழங்குடியினர் மிளகு, காப்பி, பலா ஆகியவற்றுடன் இதனையும் பயிரிடுகின்றனர். முன்பு சாமையும் தினையும் விளைந்த நிலங்கள் பல, பணப்பயிர்களுக்கு மாறிவிட்டன.

'''வளரும் முறை'''

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கின்றன. அன்னாசியோ கள்ளியைப் போல இரவில் திறந்து, கரியமில வாயுவை அமிலமாக மாற்றிச் சேமித்து, பகலில் துளைகளை மூடியபடி ஒளிச்சேர்க்கை செய்கிறது. நீரிழப்பு குறைவதால் வறட்சியைத் தாங்கும். ஆனால் வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும். சரிவான நிலம் இதற்கு ஏற்றது.

ஒரே பழமாகத் தோன்றினாலும் இது நூற்றுக்கும் மேற்பட்ட பூக்கள் ஒன்றிணைந்து உருவாகும் கூட்டுப்பழம். தோலில் காணப்படும் ஒவ்வொரு 'கண்'ணும் ஒரு பூவாக இருந்தது. ஒரே வகையின் மகரந்தம் அதே வகையில் கருவுறச் செய்யாததால் விதை உண்டாவது அரிது. எனவே பக்கக்கன்றுகளையோ பழத்தின் கொண்டையையோ நட்டுப் பயிராக்குவர். கன்று ஏறத்தாழ 18 மாதங்களில் பலன் தரும். கொண்டை சுமார் இரண்டு ஆண்டுகள் எடுக்கும்.

'''அறுவடை'''

வாழையும் மாவும் பறித்த பின்னும் இனிப்பேறும். அவற்றிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாகிறது. அன்னாசிக் காயில் அத்தகைய சேமிப்பு இல்லை. சர்க்கரை முழுவதும் செடியிலிருந்தே வரவேண்டும். அறுத்த கணத்தில் அந்த வரத்து நின்றுவிடுகிறது. பின்னர் தோல் மஞ்சளாகலாம், சதை மென்மையாகலாம், இனிப்பு கூடாது. அறுவடைக்கு முன் எத்திபான் தெளித்து நிறம் வரவழைப்பதும் உண்டு. ஆகவே நிறம் மட்டும் இனிப்புக்குச் சான்றன்று.

முற்றிய பழம் சில நாட்களே தாங்கும் என்பதால் தொலைதூரச் சந்தைக்குச் செல்பவை முன்னதாகவே அறுக்கப்படுகின்றன. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறி, சோளக்காட்டுச் சந்தையில் வாங்கும் பழம் கூடுதலாக இனிப்பதற்கு மண்வளத்தைவிட இதுவே காரணமாக இருக்கலாம்.

'''புரொமிலெய்ன்'''

பச்சை அன்னாசியிலுள்ள புரொமிலெய்ன் என்னும் நொதி புரதத்தைச் சிதைக்கும். நாக்கு அரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாலுடன் கலந்தால் கசப்பதும் இதனால்தான். வெப்பம் இந்நொதியை அழித்துவிடுவதால் அன்னாசிக் கேசரியில் இத்தொல்லை இல்லை.