பயங்கரப் படங்களும் லண்டன் சொன்ன கருத்துகளும்



பேய், பூதம், கனவுலகம் ஆகியவற்றை வரைகின்ற ஓவியர்களைப் பற்றி ஒருமுறை பேச வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இவ்வகைப் படங்களுக்குக் கருத்துச் சொல்வது மற்றப் படங்களுக்குச் சொல்வதைவிடக் கடினமானது. மாம்பழத்தை வரைந்தால் அது மாம்பழம் போல இருக்கிறதா என்று பார்க்கலாம். பூதத்தை எதனோடு ஒப்பிடுவது? ஒப்பிட ஒன்றும் இல்லாதபோது, பார்ப்பவர் படத்தை விட்டுவிட்டு வரைந்தவரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். நாம் வாழும் இந்த லண்டன் மாநகரில், ஏறக்குறைய நூறு ஆண்டு இடைவெளியில், இரண்டு தடவை இது பெரிதாக நடந்திருக்கிறது. இரண்டாவது தடவை அதற்குத் தக்க பதில் சொன்னவர்களுள் ஒருவர் நம்மவர்.

முதலாவது நிகழ்ந்தது 1809ஆம் ஆண்டில். சோஹோ பகுதியிலே கோல்டன் சதுக்கத்துக்கு அருகில், இன்று புறோட்விக் வீதி என்று அழைக்கப்படும் தெருவில், 28ஆம் இலக்க வீட்டில் ஒரு காலுறைக் கடை இருந்தது. கடைக்காரர் ஜேம்ஸ் பிளேக். அவருடைய தம்பிதான் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக். அந்த வீட்டிலேயே பிறந்த அவர், அந்த ஆண்டு மே மாதம் தம்முடைய 16 படங்களை அங்கே காட்சிக்கு வைத்தார். விளக்க நூலோடு சேர்த்துக் கட்டணம் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ்.

கடற்படைத் தளபதி நெல்சன் லெவியாதன் என்ற கடற்பூதத்தை வழிநடத்துவது போல ஒரு படம். பிரதமர் பிட் பெகிமோத் என்ற நிலப்பூதத்தை நடத்துவது போல இன்னொன்று. இவை பாரசீகர், இந்துக்கள், எகிப்தியர் ஆகியோரின் பழைய தெய்வ வடிவங்களை ஒத்தவை என்று பிளேக்கே விளக்க நூலில் எழுதினார். கீதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த சார்ள்ஸ் வில்கின்ஸ் பிராமணர்களோடு இருப்பதாக வரைந்த ஒரு படமும் அங்கே இருந்தது. அது இன்று கிடைக்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் மிகச் சிலரே. செப்டெம்பர் 17ஆம் திகதி 'எக்ஸாமினர்' வார இதழில் றொபேட் ஹன்ட் என்பவர் ஒரு விமர்சனம் எழுதினார். கண்காட்சிக்குக் கிடைத்த அச்சு விமர்சனம் அது ஒன்றுதான். பிளேக் ஒரு பரிதாபத்துக்குரிய பைத்தியக்காரர், எவருக்கும் தீங்கு செய்யாதவர் என்பதால்தான் அடைத்துவைக்கப்படாமல் இருக்கிறார் என்பது அதன் சாரம். படங்களைப் பற்றியும் ஹன்ட் சில குறைகள் சொன்னார். பெரிய படமொன்றிலே மனிதத் தோலின் நிறம், தொங்கவிட்ட மாட்டிறைச்சியின் நிறம் போல இருக்கிறது என்றார்.

நேயர்களே, இந்த இரண்டு கருத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறைச்சி நிறம் என்பது கடுமையான சொல்தான். ஆனாலும் அது நிறத்தைப் பற்றியது. ஓவியர் கோபம் தணிந்த பிறகு திரும்பவும் தம் படத்தைப் பார்க்கலாம், ஏற்கலாம், மறுக்கலாம். 'பைத்தியம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்?

பிளேக் அதன் பின்னர் தனிக் கண்காட்சி எதுவும் வைக்கவில்லை. பின்னாளில் அவர் எழுதிய 'ஜெருசலேம்' என்ற நெடுங்கவிதையில் 'கை' என்று பெயர் கொண்ட ஓர் அரக்கன் வருகிறான். எக்ஸாமினர் ஆசிரியர் தம் கட்டுரைகளுக்குக் கையொப்பமாகப் பயன்படுத்திய சுட்டும் கை அடையாளத்திலிருந்தே அவன் பிறந்தான் என்பது ஆய்வாளர் கருத்து. விமர்சகரே பூதமாகிவிட்டார்!

அதே கண்காட்சிக்கு 1810இல் ஹென்றி கிராப் றொபின்சன் என்ற அறிஞரும் போனார். விளக்க நூலில் நான்கு பிரதிகள் வாங்கினார். 1811இல் ஜேர்மன் இதழொன்றில் பிளேக்கைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். பிளேக்கின் மனநிலை பற்றி அவருக்கும் ஐயம் இருந்தது. ஆயினும் படங்களில் என்ன இருக்கிறது, ஓவியர் என்ன நம்புகிறார், எதைச் செய்ய முயல்கிறார் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். 1818இல் அறிமுகமான இளம் ஓவியர் ஜோன் லின்னல் பிளேக்குக்கு வேலையே கொடுத்தார். ஏறத்தாழ 1819இல், ஜோன் வார்லி என்ற ஓவிய நண்பருக்காக பிளேக் 'தெள்ளுப்பூச்சியின் ஆவி'யை வரைந்தார். இரத்தம் குடிக்கும் கிண்ணத்தோடு நாக்கை நீட்டி நடக்கும் அந்த உருவம், பார்த்தவர் மறக்க முடியாதது. படமோ மிகச் சிறியது. அது இன்று ரேற் ஓவியக்கூடத்தின் உடைமை. 1809ஆம் ஆண்டுக் கண்காட்சிப் படங்களில் கிடைத்தவற்றைச் சேர்த்து, சரியாக 200 ஆண்டுகளுக்குப் பின் 2009இல் ரேற் பிரிட்டன் மீண்டும் காட்சிக்கு வைத்தது.

இனி இரண்டாவது சம்பவம். இங்கே பழிக்கப்பட்டவர் தனி ஓவியர் அல்லர். நம் முன்னோர் கைவேலை முழுவதுமே.

ஐரோப்பியப் பயணிகள் பலர் நம்முடைய தெய்வ உருவங்களைப் பயங்கரப் படங்களாகவே கண்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோழிக்கோட்டுக்கு வந்த வர்த்தேமா என்ற இத்தாலியர், கோயிலிலே உயிர்களைத் தின்னும் பிசாசைக் கண்டதாக எழுதினார். அவர் நூலின் 1515ஆம் ஆண்டு ஜேர்மன் பதிப்பில் அந்தப் 'பிசாசை' மரச்செதுக்குப் படமாகவும் போட்டார்கள். இந்த நீண்ட கதையைப் பார்த்தா மித்தர் என்ற வரலாற்றறிஞர் 1977இல் ஒரு நூலாகவே எழுதினார்.

1880இல் சேர் ஜோர்ஜ் பேர்ட்வூட், இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நெசவையும் பாத்திர வேலையையும் அன்போடு பாராட்டிய மனிதர் அவர். ஆனால் புராணத் தெய்வங்களின் அரக்க வடிவங்கள் உயர்ந்த கலைக்கு ஏற்றவை அல்ல என்று தீர்ப்புச் சொன்னார். 1910 ஜனவரி 13ஆம் திகதி லண்டன் றோயல் கலைச் சங்கத்திலே, சென்னையிலும் கல்கத்தாவிலும் ஓவியக் கல்லூரிகளை நடத்திய ஹாவெல் உரையாற்றினார். கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய பேர்ட்வூட், ஜாவாவின் புத்தர் சிலையொன்றின் படத்தைக் காட்டி, அமைதிக்கு அடையாளம் இதுவானால் கொழுப்புச் சேர்த்து அவித்த புடிங்கும் போதுமே என்றார். பூதத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சாந்தமான புத்தரும் புடிங்காகவே தெரிந்தார்.

இந்தத் தடவை பதில் உடனே வந்தது. ஓவியர் வில்லியம் றொதென்ஸ்டைன் உட்படப் 13 பேர் கையொப்பமிட்ட கடிதம் பெப்ரவரி 28ஆம் திகதி 'தி ரைம்ஸ்' நாளிதழில் வெளியாயிற்று. அதே ஆண்டு லண்டனில் இந்தியா சங்கம் தோன்றியது. தாகூரின் ஆங்கிலக் கீதாஞ்சலியை 1912இல் முதலில் வெளியிட்டது இந்தச் சங்கம்தான். அதை அமைப்பதில் முன்னின்றவர்களுள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். லண்டன் யூனிவேர்சிற்றி கல்லூரியில் நிலவியல் படித்தவர்.

1912இல் சென்னையின் 'சித்தாந்த தீபிகை'யில் அவர் சிவதாண்டவத்தைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படிக்கும்போது எனக்கு ஒன்று விளங்கியது. அவர் பேர்ட்வூட்டைத் திட்டவில்லை. நான்கு கை ஏன் என்று கேட்பவருக்கு, ஒவ்வொரு கையாகக் காட்டினார். உடுக்கை பிடித்த கை, நெருப்பு ஏந்திய கை, அஞ்சாதே என்னும் கை, தூக்கிய பாதத்தைச் சுட்டும் கை, காலடியில் முயலகன். திருமூலரையும் சைவ சித்தாந்த நூல்களையும் துணைக்கு அழைத்து, இது யாருக்காக, எதற்காகச் செய்யப்பட்டது என்று சொன்னார். பிரிட்டிஷ் மியூசியத்திலே சோழர் கால நடராசரின் முன் நிற்கும்போது இந்த வரிசையில் பார்த்துப் பாருங்கள்.

நமக்கு இது புதிதும் அல்ல. காரைக்கால் அம்மையாரின் பேயுருவைக் கைகூப்பித் தொழுகிறவர்கள் நாம். வற்றிய உடலும் துருத்திய எலும்பும் அழகில்லை என்று எந்தச் சிற்பியிடமும் நம்மவர் சொன்னதில்லை.

ஆனால் வீட்டிலே என்ன செய்கிறோம்? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியொன்றின் ஓவியப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி, கிணற்றிலிருந்து எழும் ஒரு பேயை வரைந்திருந்தாள். தலைமுடி தண்ணீராகவே வழிந்துகொண்டிருந்தது. "ஏனம்மா இப்படிப் பயங்கரமாக? மயில், பூ ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்றார் ஒருவர். பிள்ளை படத்தைச் சுருட்டத் தொடங்கிவிட்டாள். நான் அவளிடம், "முடியும் தண்ணீரும் ஒன்றாகும் இடம் நன்றாக வந்திருக்கிறது. கிணற்றுக் கட்டை இன்னும் இருட்டாக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். சுருட்டிய கை நின்றது. "அப்ப முகம் கூடத் தெரியும், அங்கிள்" என்றாள்.

உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ ஒரு பூதத்தை வரைந்துகொண்டு வந்து நீட்டினால், முதலில் அது என்ன செய்கிறது என்று கேளுங்கள். பிறகு எந்த இடம் உங்களைப் பயமுறுத்தியது, எந்த இடம் பயமுறுத்தவில்லை என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். பிள்ளை அதை வைத்து அடுத்த படத்தை வரையும்.