சாவு விளையாட்டும் வேடிக்கை பார்க்கும் கூட்டமும்

விளையாட்டு என்றால் ஒருவர் ஜெயிப்பார், இன்னொருவர் தோற்பார். தோற்றவர் செத்துத்தான் போக வேண்டும் என்று விதி இருந்தால்? இந்தக் கற்பனையை வைத்து உலகம் முழுவதும் பல படங்கள் வந்திருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் ரத்தக்களரிதான். உள்ளே இருப்பதோ சமூகத்தின் மீதான கிண்டல். அந்தக் கிண்டல் யாரைக் குறி வைக்கிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு வேர் ரோமாபுரியில் இருக்கிறது. இலவச தானியமும் அரங்க விளையாட்டும் கிடைத்துவிட்டால் மக்கள் வேறெதுவும் கேட்க மாட்டார்கள் என்று கவிஞர் ஜுவெனல் அன்றே கேலி செய்தார். கொலோசியத்தில் மோதியவர்களில் பெரும்பாலோர் அடிமைகளும் கைதிகளும். வேடிக்கை பார்த்தவர்களோ சக்கரவர்த்தியிலிருந்து சாமானியர் வரை எல்லோரும்.

திரையில் வந்த கதை

1965-ல் இத்தாலியில் எலியோ பெட்ரி 'பத்தாவது பலி' என்ற பொருள்படும் படத்தை எடுத்தார். அதில் மனிதரை மனிதர் வேட்டையாடுவது சட்டப்படி நடக்கும் போட்டி. ஒரு கொலையைத் தேயிலை விளம்பரமாகப் படம்பிடிக்கவே ஏற்பாடு நடக்கிறது!

1975-ல் அமெரிக்காவிலிருந்து இரண்டு படங்கள் வந்தன. பால் பார்ட்டெல் இயக்கிய 'டெத் ரேஸ் 2000' படத்தில் கார் பந்தயத்தின் நடுவே பாதசாரிகளை ஏற்றிக் கொன்றால் மதிப்பெண். முதியோர்களை மருத்துவமனை ஊழியர்களே சாலையில் கொண்டு வந்து வைக்கிறார்கள். கதாநாயகன் முதியவர்களை விட்டுவிட்டு அந்த ஊழியர்கள் மீது காரை ஏற்றுகிறான். நாட்டின் எல்லாக் கஷ்டங்களுக்கும் பிரான்ஸ்தான் காரணம் என்று அரசாங்கம் சொல்வது இன்னொரு கிண்டல். நார்மன் ஜூவிசன் இயக்கிய 'ரோலர்பால்' 2018-ல் நடப்பதாக அமைந்த கதை. நாடுகள் இல்லை, கம்பெனிகள்தான் உலகை ஆள்கின்றன. தனி மனித முயற்சி வீண் என்று ஜனங்களுக்குக் காட்டவே அந்த விளையாட்டு நடத்தப்படுகிறது. ஜோனதன் என்ற வீரன் அளவுக்கு மீறிப் புகழ் பெற்றதும், அவனை ஒழிக்க விதிகளை ஒவ்வொன்றாக நீக்குகிறார்கள்.

2000-ல் ஜப்பானில் கிஞ்சி ஃபுகாசாகு 'பேட்டில் ராயல்' எடுத்தார். ஒரு வகுப்பைச் சேர்ந்த 42 மாணவர்கள் ஒரு தீவில் விடப்படுகிறார்கள். மூன்று நாளில் ஒருவர்தான் மிஞ்ச வேண்டும். இயக்குநர் சிறுவயதில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பெரியவர்கள் மீதான அவரது கோபம் அங்கிருந்து வந்தது. இந்தியில் 2009-ல் சுருதிஹாசன் கதாநாயகியாக அறிமுகமான 'லக்' படமும், 2021-ல் கொரியாவின் 'ஸ்க்விட் கேம்' தொடரும் இதே வரிசையில் வருபவை. கடனில் மூழ்கிய 456 பேர் பணத்துக்காக உயிரைப் பணயம் வைக்க, முகமூடி அணிந்த பணக்காரர்கள் பார்த்து ரசிக்கிறார்கள்.

தமிழில்?

மேலே சொன்ன படங்கள் வருவதற்கு முன்பே தமிழில் ஒருவர் இதைத் தொட்டிருக்கிறார். சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவல் 1959-ல் புத்தகமாக வந்தது. பிச்சி என்ற இளைஞன், தன் அப்பாவைக் குத்திக் கொன்ற காரி என்ற காளையை அடக்க வருகிறான். அது ஜமீன்தாரின் காளை. பிச்சி ஜெயிக்கிறான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஜமீன்தார் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்த் தன் காளையைத் தானே சுட்டுவிடுகிறார்!

காளை செய்த குற்றம் என்ன? ஜமீன்தாரின் கௌரவத்தைக் கூட்டத்தின் முன்னால் காப்பாற்றத் தவறியது. கொம்பும் ரத்தமும் காளைக்கும் மாடுபிடி வீரனுக்கும். கௌரவம் மட்டும் மேலே உட்கார்ந்திருப்பவருக்கு. 'ரோலர்பால்' படத்தின் கம்பெனி முதலாளிகளும் இதைத்தானே செய்கிறார்கள்? செல்லப்பாவுக்கு எதிர்கால உலகம் தேவைப்படவில்லை, ஒரு கிராமத்துத் திருவிழாவே போதுமானதாக இருந்தது.

தமிழ் சினிமா இந்தப் பாதையில் அதிகம் போகவில்லை. 'தாய்க்குப் பின் தாரம்' (1956) படத்தில் எம்.ஜி.ஆர்., 'முரட்டுக்காளை' (1980) படத்தில் ரஜினி, 'விருமாண்டி' (2004) படத்தில் கமல் எனக் காளையை அடக்குவது கதாநாயகனின் வீரத்துக்குச் சான்றாகவே அமைந்தது. தியேட்டரில் விசில் பறந்தது. மேடையில் இருப்பவரைக் கேமரா கேள்வி கேட்பது அரிது.

மேடையும் வேலியும்

நிஜ ஜல்லிக்கட்டை இந்தப் படங்களோடு அப்படியே ஒப்பிட முடியாது. அங்கே யாரும் கட்டாயப்படுத்தப்படுவதில்லை, கொல்வதும் நோக்கமல்ல. தமிழ்நாடு அரசு 2009-ல் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டு வந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் மாணவர்கள் திரண்டார்கள், புதிய சட்டம் வந்தது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. இரட்டை வேலி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் வந்த பிறகும் உயிர்ச் சேதம் முழுதாக நிற்கவில்லை. செத்தவர்களில் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு.

அலங்காநல்லூரில் இன்று காரும் டிராக்டரும் பரிசு. சங்கரன்கோவிலில் இருப்பவர் மதுரைப் பக்கம் போக வேண்டியதில்லை, பொங்கல் சாப்பாட்டை முடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் போதும், நேரடி ஒளிபரப்பு. ஒருவன் தூக்கி எறியப்படும் காட்சி திரும்பத் திரும்ப மெதுவாக ஓட்டிக் காட்டப்படும். அவன் பிறகு எந்த ஆஸ்பத்திரியில் கிடந்தான், பிழைத்தானா என்று அடுத்த நாள் கேட்பவர் எத்தனை பேர்?

இந்தப் படங்களின் குறி இதுதான். கொல்பவனைத் திட்டுவது சுலபம். ஆட்டத்தை நடத்துபவனைத் திட்டுவதும் சுலபம். கூட்டம் கலைந்து போனால் ஆட்டமே இல்லை என்பதைத்தான் இவை சொல்கின்றன. அது கூட்டத்தின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. 'ஸ்க்விட் கேம்' தொடருக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, 2023-ல் நெட்ஃபிளிக்ஸ் அதே பெயரில், அதே 456 பேரை வைத்து நிஜப் போட்டியே நடத்தியது. அதில் சாவு இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். அதற்கும் கூட்டம் சேர்ந்தது.