முறுக்கேறிய நரம்பும் வங்கத்து வேரும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு, சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்க விழைகிறோம். கொல்கத்தாவின் தென்பகுதியாகிய டாலிகஞ்சில் நாம் குடியிருந்த காலம் அது. பகல் முழுவதும் அரசாங்க ஏடுகளைத் தமிழாக்கும் பணி. இரவு மூன்று மணிக்கு விழிப்பு. விழித்தபின் உறக்கம் வாராது. காலையில் எழுந்தால் பற்களை இரவெல்லாம் இறுகக் கடித்திருந்தமையால் தாடை நோகும். தொலைபேசி மணி ஒலித்தால், ஊரிலிருந்து என்ன செய்தியோ என்று நெஞ்சு படபடக்கும். ஒரே வாக்கியத்தை மூன்று முறை படித்தும் பொருள் மனத்தில் நில்லாது.

"இது நரம்புத் தளர்ச்சி ஐயா, ஊக்கத்துக்கு ஒரு டானிக் சாப்பிடுங்கள்" என்றார் நண்பர் ஒருவர். மற்றொருவர், "வங்காளத்து வேர் ஒன்று இருக்கிறது, பொடியாக்கி உண்டால் நன்றாக உறங்கலாம்" என்றார். இரண்டு யோசனைகளையும் ஆராயப் புகுந்தபோதே இவ்வரலாறு நமக்குத் தெரிய வந்தது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 1869-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்டு, நரம்பின் வலுக்குறைவு என்று பொருள்படும் நோய்ப் பெயர் ஒன்றைப் பரப்பினார். நாம் வழங்கும் 'நரம்புத் தளர்ச்சி' என்பதும் அதே பொருளைத் தருவதே. ஆயின், தமிழில் நரம்பு என்பது யாழின் தந்திக்கும் பெயர். தந்தி தளர்வதால் மட்டுமா கெடுகிறது? அளவுக்கு மேல் முறுக்கினாலும் கெடுகிறது. நம்மிடம் கண்ட குறிகள் யாவும் முறுக்கின் குறிகளே. ஆபத்து வந்தால் போரிடவோ ஓடவோ உடல் ஆயத்தமாகும் விதத்தை வால்டர் கானன் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-இல் விளக்கினார்: இதயம் விரைகிறது, தசை இறுகுகிறது, செரிமானம் ஒதுங்கி நிற்கிறது. ஆபத்து நீங்கியும் இந்த ஆயத்தம் நீங்காதிருப்பதே நாம் பேசும் தொல்லை. இறுகிய தந்தியை மேலும் முறுக்குவதற்கு டானிக் எதற்கு?

இனி அந்த வேரின் கதை. அதன் பெயர் சர்ப்பகந்தா. அரளியின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. வேர் மிகக் கசப்பானது. பீகாரில் இதனைப் 'பைத்திய மருந்து' என்றே மக்கள் அழைத்து வந்தனர். 1931-இல் கொல்கத்தாவின் ஆயுர்வேத அறிஞர் கணநாத சேனும், மருத்துவர் கார்த்திக் சந்திர போஸும் இதுபற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். வேர்ப்பொடியை உண்ட நோயாளிகளின் வெறி தணிந்தது, உறக்கம் வந்தது, இரத்த அழுத்தமும் இறங்கியது என்று அதில் அறிவித்தனர். அதே ஆண்டில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி வேரின் காரப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்கு ஹகீம் அஜ்மல்கானின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். 1933-இல் கொல்கத்தாவில் ஆர். என். சோப்ராவும் துணைவர்களும் தம் சோதனைகளை வெளியிட்டனர்.

மேனாடுகள் செவிசாய்க்க மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்த அழுத்த நோயாளிகளிடம் கண்ட பயனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் வேரிலிருந்து 'ரெசர்பின்' என்னும் பொருளைப் பிரித்தனர். 1954-இல் நாதன் கிளைன் நியூயார்க்கு மாநிலத்து மனநோய் மருத்துவமனை ஒன்றில் அதனைக் கையாண்ட முடிவுகளை வெளியிட்டார். கட்டி வைத்தும் அடைத்து வைத்தும் காத்த நோயாளிகளை மருந்தால் அமைதிப்படுத்தலாம் என்ற எண்ணம் அப்பொழுது வலுப்பெற்றது. இதில் நம் நாட்டுக்குப் பெருமை உண்டு, மறுப்பதற்கில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மருந்துண்ட சிலர் அமைதியோடு நில்லாமல் ஆழ்ந்த சோர்வில் வீழ்ந்தனர். உயிர் வாழ்வதே வெறுத்ததாகச் சொன்னோரும் உண்டு. காரணம் பின்னரே தெளிவாயிற்று. நரம்பு முனைகளில் சேமித்து வைத்த செய்திப் பொருள்களையே ரெசர்பின் வெறுமையாக்கி விடுகிறது. 1957-இல் ஸ்வீடன் நாட்டு அர்விட் கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு 'எல்-டோபா' என்னும் பொருளைச் செலுத்தி எழுந்து நடமாடச் செய்தார். பார்க்கின்சன் நோய்க்கு மருந்து கிடைக்க வழிகோலிய அவ்வாய்வுகளுக்காக அவருக்கு 2000-இல் நோபல் பரிசு கிட்டியது. தந்தியின் முறுக்கைத் தளர்த்துவது வேறு. தந்தியையே கழற்றி விடுவது வேறு. பிற மருந்துகள் வரவே ரெசர்பினின் ஆட்சி குறைந்தது. சர்ப்பகந்தாச் செடியோ காடுகளில் அருகியது. 1990 முதல் அதன் பன்னாட்டு வாணிகம் உடன்படிக்கைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்கிறது.

ஆகவே நண்பர் காட்டிய வேர்ப்பொடியை நாம் தொடவில்லை. மருத்துவரிடம் சென்றோம். அவர் இரத்த அழுத்தத்தை அளந்தார். தைராய்டுக்கும் இரத்தத்துக்கும் சோதனை செய்வித்தார். நோய் ஏதுமில்லை என்றறிந்த பின், மாலைத் தேநீரை நிறுத்தவும், நாள்தோறும் நடக்கவும், ஒரே நேரத்தில் படுத்தெழவும், மூச்சை மெல்ல விடவும் சொன்னார்.

மூச்சைப் பற்றியும் ஒரு வரலாறு உண்டு. 1957-இல் அமெரிக்காவிலிருந்து வெங்கரும், வங்காளத்தவராகிய பாக்சியும் கருவிகளோடு இந்தியா வந்து யோகிகளைச் சோதித்தனர். இதயத்தை நிறுத்துவதாகச் சொன்னவர்களின் இதயம் நிற்கவில்லை. நாடி மட்டுமே மறைந்தது. மூச்சையும் தசையையும் இறுக்கி இரத்த ஓட்டத்தைக் குறைத்ததால் நேர்ந்தது அது. இதயத்துக்கு நாம் நேராக ஆணையிட இயலாது. ஆயின் மூச்சின் வழியே அதனைத் தொடலாம். மூச்சை உள்ளிழுக்கையில் இதயம் சற்றே விரைகிறது, வெளிவிடுகையில் மெதுவாகிறது. வெளிமூச்சை நீட்டினால் அமைதி வருவதன் ஒரு காரணம் இதுவே. இதற்குப் பொருட்செலவில்லை, சுரங்க இரயிலில் நின்றுகொண்டும் செய்யலாம்.

நமக்கு உறக்கம் முழுவதும் திரும்ப ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. ஞாயிறுதோறும் தமிழ் நண்பர் ஒருவரோடு நம் மொழியில் மனம் விட்டுப் பேசியதும் அதில் பங்கு பெற்றது என்றே நம்புகிறோம். அயலூரில் பகலெல்லாம் பிறமொழியில் பேசுவோருக்கு அதுவும் ஒரு சிரமமே. அதை எவரும் சிரமமென்று கணக்கில் எழுதுவதில்லை.

அன்பர்களே, உறக்கக் கேடும் படபடப்பும் சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரைக் காணுங்கள். உயிர் வெறுக்கும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதியாதீர்கள்; உடனிருப்பவரிடம் சொல்லுங்கள். கடும் தவத்தால் களைத்த சோணர் என்னும் துறவிக்குப் புத்தர் பிரான், வீணையின் நரம்பு மிகவும் இறுகினாலும் இசையில்லை, மிகவும் தளர்ந்தாலும் இசையில்லை என்று உணர்த்தியதாகப் பௌத்த நூல்கள் கூறும். நம் நரம்பு எந்நிலையில் உள்ளது என்பதை அறிந்துகொள்வதே முதல் மருந்து.