‘டொம்பூலரி’ என்னும் சொல்

பாராளுமன்றத்தில் அமளி மூளும் நாட்களுக்கு மறுநாள் கொழும்பு ஆங்கில நாளேடுகளின் பத்திகளில் ‘டொம்பூலரி’ என்ற சொல் தலைகாட்டுவதுண்டு. அதனைத் தமிழாக்கும்போது ‘முட்டாள்தனம்’ என்று சிலரும் ‘கோமாளித்தனம்’ என்று வேறு சிலரும் எழுதுகின்றனர். இவை இரண்டும் ஒன்றல்ல. முட்டாள்தனம் அறிவின் குறை. டொம்பூலரியோ அறிவுள்ளவர் அதனை ஒருபுறம் வைத்துவிட்டு ஆடும் ஆட்டம். எனவே கோமாளித்தனம் என்பதே பொருந்தும். ஆயினும் இச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால், அது உண்மையிலேயே அறிவு குறைந்த மனிதர்களிடமிருந்து வந்தது என்பது தெரியவரும்.

‘ஃபூல்’ என்பது பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் இலத்தீன் மூலமான ‘ஃபொலிஸ்’ கொல்லனின் துருத்தியைக் குறித்தது. உள்ளே காற்றைத் தவிர வேறொன்றுமில்லாத தோற்பை என்பதால் வெற்றுத் தலையனுக்கு அது பெயராயிற்று. ‘பஃபூன்’ என்ற சொல்லின் மூலமும் கன்னத்தை உப்பி ஊதுவதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லே. அங்கும் காற்றுத்தான்!

‘டொம்’ என்பது தோமஸ் என்பதன் சுருக்கம். நாம் ‘குப்பனும் சுப்பனும்’ என்பதுபோல, ஆங்கிலேயர் சாமானியன் எவனையும் குறிக்கக் கையாண்ட பெயர் அது. ‘மூடத் தோமஸ்’ எனப் பொருள்படும் ‘தோமஸ் ஃபட்டுவஸ்’ என்ற இலத்தீன் வழக்கு 14ஆம் நூற்றாண்டிலேயே காணப்படுகிறது. வட இங்கிலாந்தின் மன்காஸ்டர் கோட்டையில் வாழ்ந்த தோமஸ் ஸ்கெல்டன் என்ற விகடனே இச்சொல்லுக்கு மூலவர் என்று சொல்லப்படுவதுண்டு. அவருடைய ஓவியமும் அக்கோட்டையில் இருக்கிறது. ஆனால் வழக்கு அவருக்கு முந்தியது என்பதால் இக்கதையை ஏற்பதற்கில்லை.

அக்காலத்து இங்கிலாந்து இருவகைப் பேதையரை அறிந்திருந்தது. பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவர் இயற்கைப் பேதை. கூலிக்காக மூடனாக நடிப்பவர் செயற்கைப் பேதை. ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவில் கோமாளிப் பாத்திரங்களை ஏற்ற ரொபர்ட் ஆர்மின், 1600 இல் வெளியிட்ட நூலொன்றில் இவ்வேறுபாட்டைப் பேசுகிறார். அரண்மனைகளிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் இவ்விரு வகையினரும் வளர்க்கப்பட்டனர். வளர்க்கப்பட்டனர் என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறேன். 1529 இல் பதவி இழந்த கர்தினால் வூல்சி, எட்டாம் ஹென்றி மன்னனின் மனத்தை இளக்குவதற்குத் தன்னிடமிருந்த ‘பட்ச்’ என்ற பேதையைப் பரிசாக அனுப்பிவைத்தார். எசமானைப் பிரிய மறுத்து அம்மனிதன் முரண்டு பிடித்தான். திடகாத்திரமான 6 சேவகர்கள் சேர்ந்தே அவனைக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது என வூல்சியின் பணியாளராக இருந்த ஜோர்ஜ் கவென்டிஷ் எழுதிவைத்துள்ளார். பின்னாளில் ‘பட்ச்’ என்பதும் ஆங்கிலத்தில் மூடனுக்கு ஒரு பெயராகியது.

1247 இல் தாபிக்கப்பட்டுப் பிற்காலத்தில் மனநோயாளர் காப்பகமாகிய இலண்டன் பெத்லெம் மருத்துவமனையின் பெயரும் இவ்வாறே ‘பெட்லம்’ எனத் திரிந்து, கூச்சலுக்கும் குழப்பத்துக்கும் பெயராயிற்று. அங்கிருந்து வந்ததாகக் கூறிப் பிச்சை கேட்டோரையும் மக்கள் ‘டொம்’ என்றே அழைத்தனர். அந்நோயாளரைப் பொழுதுபோக்காகப் பார்க்கக் கூட்டம் கூடியது. அவ்வழக்கம் 1770 இல்தான் கட்டுப்படுத்தப்பட்டது.

17ஆம் நூற்றாண்டில் ‘டொம் ஃபூல்’ என்பது மேடைக் கோமாளியையே பெரிதும் குறித்தது. 1637 இல் பேராயர் லோட் என்பவரை எள்ளியதற்காக முதலாம் சார்ள்ஸ் தன் அரசவை விகடனை விலக்கினான். பின்னர் மூண்ட உள்நாட்டுப் போருடன் அப்பதவியே மறைந்துபோனது. ‘டொம்பூலரி’ என்ற சொல் வழக்குக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்குள் இயற்கைப் பேதை மறக்கப்பட்டு, நடிப்பவனே எஞ்சியிருந்தான். எதுகைக்காகவே சொற்களை மாற்றிப் பேசும் இலண்டன் கீழ்த்தட்டு வழக்கில் இச்சொல் நகைகளைக் குறிக்கிறது என்பது வேறு கதை.

தமிழாக்கத்துக்குத் திரும்புவோம். எமது பேச்சுவழக்கில் இதற்கு மிகவும் நெருங்கிவரும் சொல் ‘விசர்க்கூத்து’. பல ஆண்டுகளுக்கு முன்னர் அரசியல் செய்தியொன்றின் தலைப்பில் அதை அனுமதித்தேன். மறுநாள் காலை தொலைபேசியில் ஒரு முதியவர் பேசினார். அவருடைய மகன் மனநோயால் பாதிக்கப்பட்டு வீட்டிலேயே இருப்பவர். “தம்பி, அந்த ஆக்கள் செய்ததுக்கு என்ர பிள்ளையின்ர வருத்தத்தின்ர பேரை ஏன் வைச்சனீங்கள்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்று மாலை எமது மேசைக்கு எழுதிவைத்த குறிப்பில், இவ்வாங்கிலச் சொல்லுக்கு நேராகக் ‘கோமாளிக்கூத்து’ என்று மட்டும் குறித்தேன்.