மலைக்குளிரும் டீசல் எஞ்சினும்

மலையகத்தின் வரலாற்றை எழுதுவோர் பாதைகள் திறக்கப்பட்ட ஆண்டுகளைத் தவறாது குறிப்பிடுவர். இருப்புப்பாதை 1884ஆம் ஆண்டில் ஹற்றனையும், 1885ஆம் ஆண்டில் நானுஓயாவையும் வந்தடைந்தது என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆயின், பாதை இருப்பது ஒன்று. உறைபனி படிந்த விடியற்காலையில் அப்பாதையிலே வண்டி புறப்படுவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சிறியதொரு வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

தோட்டத்துக்கும் புகையிரத நிலையத்துக்குமிடையே முதலில் பாரம் இழுத்தவை மாட்டுவண்டிகள். காளைக்குத் தீனியும் ஓய்வும் வேண்டும். குளிர்ந்த காலையில் அதனைச் சூடேற்றிப் புறப்படச் செய்ய வேண்டியதில்லை. பின்னர் பெற்றோல் லொறிகள் வந்தன. அவற்றின் எஞ்சினுள் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி உண்டு. அதன்பின் வந்த டீசல் எஞ்சினிலோ அந்தப் பொறியும் இல்லை.

ஜெர்மானியப் பொறியியலாளர் ரூடோல்ஃப் டீசல் 1893ஆம் ஆண்டில் தமது கருத்துக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் அவரது எஞ்சின் சோதிக்கப்பட்டபோது, எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ 26 வீதத்தை அது வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் இதில் பாதியளவைக்கூட எட்டுவது அரிது. அதன் தத்துவம் எளியது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் அறிவோம். அவ்வாறே உருளையினுள் காற்றைப் பதினைந்து அல்லது இருபதில் ஒரு பங்காக நெருக்கினால், அது பல நூறு பாகை வெப்பமடைகிறது. அக்காற்றிலே டீசலைத் தெளித்தால் அது தானே பற்றிக்கொள்கிறது.

காற்றின் சூட்டையே நம்பி வாழும் இவ்வியந்திரத்துக்குக் குளிரே முதற்பகை. குளிர்ந்த இரும்பு, நெருக்கிய காற்றின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். எஞ்சின் ஒயில் தடித்து, சுழற்சியைத் தடுக்கும். பற்றறியோ, கூடுதல் வலிமை வேண்டிய அவ்வேளையில் வலிமை குன்றி நிற்கும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கரையோரத்திலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் தேயிலைத் தளிரைக் கருக்கும் உறைபனியும் உண்டு. கொழும்பில் முதல் முயற்சியிலேயே கிளம்பும் வண்டி இங்கே இருமி இருமி நிற்பதற்குக் காரணம் இதுவே.

இக்குறைக்கு மேலைநாட்டார் கண்ட பரிகாரம், உருளையுள் மின்னாற் சிவக்கும் சிறு கம்பி. நம் சாரதிகள் அதனை ஹீற்றர் பிளக் என்பர். டீசலில் ஓடும் கார்கள் 1936ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தபோது, இக்கருவி அவற்றுக்குத் துணைநின்றது.

நம் நாட்டில் 1938ஆம் ஆண்டில் டீசல் புகையிரதப் பெட்டிகள் ஓடத் தொடங்கின. 1954ஆம் ஆண்டு முதல், கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள், அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி இங்கு வந்தன. தோட்டத்து லொறிகளும் காலப்போக்கில் டீசலுக்கு மாறின. அந்த லொறி கொழுந்தை மட்டுமா சுமந்தது? அரிசி மூட்டையையும் சுமந்தது. நள்ளிரவில் வலிகண்ட கர்ப்பிணியையும், காய்ச்சலில் துவண்ட பிள்ளையையும் வைத்தியசாலைக்குச் சுமந்தது. அம்புலன்ஸ் இல்லாத தோட்டத்தில் எஞ்சின் கிளம்பாமை வெறும் இயந்திரக் கோளாறன்று. அஃது ஓர் உயிரின் வழக்காகிவிடும்.

ஆதலால் அனுபவமுள்ள சாரதி காலைக்குரிய வேலையை முன்மாலையிலேயே தொடங்கினார். இன்று கெப் வண்டி வைத்திருப்போருக்கும் அவ்வொழுங்கு பொருந்தும். தாங்கியின் வெற்றிடத்தில் இரவுக் குளிரால் நீர் படியுமாதலால், மாலையிலேயே டீசலை நிரப்புதல் நன்று. வடிகட்டியில் தேங்கிய நீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். பற்றறி முனைகளைச் சுத்தமாக வைத்து, உற்பத்தியாளர் குறித்த தடிப்புள்ள ஒயிலையே இடவேண்டும். காலையில் சாவியைத் திருப்பியதும் ஹீற்றர் விளக்கு அணையும்வரை பொறுத்து, அதன்பின்னரே எஞ்சினைச் சுழற்றல் வேண்டும். கிளம்பியவுடன் உறுமவிடாது, முதல் சில நிமிடங்கள் மெதுவாக ஓட்டுதல் முறை.

பழைய லொறியைச் சரிவை நோக்கி நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, விடிந்ததும் கல்லை எடுத்து உருளவிட்டுக் கிளப்பியதும் உண்டு. தானியங்கிக் கியர் வண்டிகளில் அது நடவாது. ஹீற்றர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் தெளித்துக் கிளப்புவதோ, காற்றுக் குழாயிலேயே தீப்பற்றச் செய்யும் ஆபத்தான செயலாகும்.

நேயர்களே, டீசலின் பெயர் எஞ்சினிலே நிலைத்துவிட்டது. உறைபனியில் கல்லை எடுத்து வண்டியை உருளவிட்டவரின் பெயரோ எந்தத் தோட்ட வரலாற்றிலும் காணக்கிடைப்பது அரிது. லயத்து முதியோரிடம் அவர்களைப்பற்றிக் கேட்டு எழுதிவைக்குமாறு என் மாணவருக்குக் கூறிவருகிறேன். கேட்டால் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே நாம் கேட்டாக வேண்டும்.