துறைமுக வாயிலும் பள்ளி வாயிலும்

சிங்கப்பூரில் பிள்ளையைத் தொடக்கப்பள்ளியில் சேர்க்கும் பெற்றோர், பிறப்புச் சான்றிதழோடு தடுப்பூசிச் சான்றிதழையும் எடுத்து வைத்துக்கொள்வது நெடுநாளைய வழக்கம். பிறப்புச் சான்றிதழ் அப்பிள்ளையைப் பற்றி மட்டுமே பேசும். தடுப்பூசிச் சான்றிதழோ அப்பிள்ளையின் அருகே அமரவிருக்கும் மற்றொரு பிள்ளைக்காகவும் பேசும். ஒரே வகுப்பறையில் முப்பது நாற்பது குழந்தைகள் நெருங்கி அமரும்போது, ஒரு வீட்டாரின் அசட்டை முப்பது வீட்டாரின் கவலையாகிவிடும் அன்றோ? இக்கருத்து இன்று எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் அரசின் ஆணைக்கு அஞ்சிச் செய்த ஒன்று, தாய்மார் தாமே தேடிவந்து செய்துகொள்ளும் ஒன்றாக மாறுவதற்கு இந்நகரில் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன.

கட்டாயமே முதலில் வந்தது. நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியினின்று பிரிந்து, 1867ஆம் ஆண்டு பிரிட்டிஷ் முடியாட்சியின் நேரடிக் குடியேற்றமாயின. அதற்கு மறு ஆண்டே, அதாவது 1868இல், அம்மை குத்துதலுக்கான சட்டம் இயற்றப்பட்டது. குழந்தைகளுக்குப் பெரியம்மைத் தடுப்புச் செய்வது பெற்றோரின் சட்டக் கடமையாயிற்று. இங்கிலாந்து 1853இலேயே இத்தகைய சட்டத்தைக் கொண்டிருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1855இல் ஒரு படி மேலே சென்று, அம்மை குத்தாத பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை என்று விதித்தது. பள்ளி வாயிலை நோய் காக்கும் வாயிலாகக் கொள்ளும் எண்ணம் அவ்வளவு பழைமையுடையது.

சட்டம் இருந்தது, மக்கள் மனம் இசையவில்லை. பெரியம்மை தமிழர்க்கு வெறும் நோயன்று; அது அம்மையின் வருகை. 1827இல் நாராயண பிள்ளை தோற்றுவித்த சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் அம்மை கண்டவர்க்காக வேண்டிக்கொள்வதும், வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவதும் மரபாக இருந்த காலம் அது. வீட்டுக்கு வந்த தெய்வத்தைக் கத்தியால் கீறித் துரத்துவதா என்ற தயக்கத்தை மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்நாளைய அம்மை குத்தும் முறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு குழந்தையின் கையிலெழுந்த கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் ஏற்றினர். வெப்ப நாடுகளில் அம்மைப்பால் விரைவில் கெட்டுவிடும்; ஆதலின் கையிலிருந்து கைக்கு மாற்றுவதே பல இடங்களில் வழியாக இருந்தது. அவ்வழியே மேகநோய் போன்ற பிற நோய்கள் பரவியதும் உண்டு. தாய்மாரின் அச்சம் முற்றிலும் காரணமற்றதன்று.

இத்தயக்கத்தை முன்னுணர்ந்தவர் ஒருவர் தமிழ் மாணவர் நன்கறிந்த எல்லீசர். திருக்குறளுக்கு ஆங்கில விளக்கம் எழுதிய அதே எல்லிஸ் துரைதான். பசுவின் அம்மைப்பாலைப் பழைய இந்திய மரபோடு இணைத்துக் காட்டும் நூலொன்றைத் தமிழில் எழுதி, மக்களை இசையச் செய்ய முயன்றார். நோக்கம் நன்று, வழி நேர்மையானதா என்பது வேறு வினா. ராபிள்ஸ் சிங்கப்பூரில் கால்வைத்த 1819ஆம் ஆண்டிலேயே எல்லீசர் மறைந்தார்.

சிங்கப்பூர்த் தமிழர் பலர்க்கு அம்மை குத்துதல் பள்ளியில் அறிமுகமானதன்று. கப்பல் பயணத்தில் அறிமுகமானது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் உடற்சோதனைக்கும் அம்மை குத்தலுக்கும் உட்பட்டனர். இக்கரையில் செயின்ட் ஜான்ஸ் தீவு காத்திருந்தது. 1873இல் நகரில் வாந்திபேதி பரவியதைத் தொடர்ந்து, மறு ஆண்டு அங்கே நோய்த்தடுப்பு ஒதுக்கிடம் அமைக்கப்பட்டது. கப்பலில் ஒருவருக்கு நோய் கண்டாலும் உடன்வந்தோர் அனைவரும் அத்தீவில் நாள்களை எண்ணிக் கிடக்க வேண்டியதுதான். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கடலோடிய ‘ரஜூலா’ கப்பலின் தளப் பயணிகளும் இவ்வாயிலைக் கடந்தே வந்தனர். நகரின் பொருட்டு அக்காவல் தேவையாக இருந்திருக்கலாம். ஆயினும் அதில் வருவோனைப் பற்றிய ஐயம் மேலோங்கியிருந்ததேயன்றி, அவன் பிள்ளையைப் பற்றிய அக்கறை இருந்ததாகக் கூற இயலாது.

பிள்ளையை நோக்கிய பார்வை இருபதாம் நூற்றாண்டில் மெல்ல வந்தது. 1921இல் பள்ளிச் சுகாதாரச் சேவை தொடங்கியது. கண், பல், எடை, தோல் என மாணவரின் உடல்நிலையைப் பள்ளியிலேயே ஆராயும் வழக்கம் அதிலிருந்து வளர்ந்தது. 1924இல் தேக்காவை அடுத்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை மகப்பேற்றுக்கு உரியதாயிற்று. ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். சிராங்கூன் சாலைப் பகுதியில் தமிழர் மாடு வளர்த்த காலத்தின் எச்சம் அது. தடுப்பூசிக்குரிய ஆங்கிலச் சொல்லும் பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்ததே. 1966ஆம் ஆண்டில் மட்டும் அம்மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. உலகச் சாதனை ஏட்டில் இடம்பெற்ற எண் இது. ஐம்பதுகளில் காசநோய்க்கெதிரான பி.சி.ஜி. ஊசி பிறந்த குழந்தைக்கே இடப்படலாயிற்று. சான்றிதழின் முதல் வரி மகப்பேற்று அறையிலேயே எழுதப்பட்டது எனலாம்.

எனினும் மனமாற்றத்தின் திருப்புமுனை 1958ஆம் ஆண்டே. அவ்வாண்டு இளம்பிள்ளை வாதம் நகரெங்கும் பரவியது. நேற்றுவரை ஓடித் திரிந்த குழந்தை காலையில் எழுந்து நிற்க மாட்டாமல் கிடப்பதைக் கண்ட குடும்பங்கள் அந்த ஆண்டை மறந்திருக்க மாட்டா. ஊசிவழித் தடுப்புமருந்தை ஜோனஸ் சால்க் ஆக்கியிருந்தார். ஆனால் 1955இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் மருந்தில் கிருமி முழுதும் மடியாதிருந்தமையால் குழந்தைகள் முடமான கொடுமை நிகழ்ந்திருந்தது. ஆல்பர்ட் சேபின் ஆக்கிய வாய்வழி மருந்தோ அப்போது ஆய்வு நிலையிலேயே இருந்தது. அமெரிக்கா அதற்கு ஒப்புதல் வழங்கியது அறுபதுகளின் தொடக்கத்தில்தான்.

இந்நிலையில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் ஹேல், மருத்துவப் பேராசிரியர் மொன்டெய்ரோ, மருத்துவர்கள் துரைசிங்கம், கனகரத்தினம், லியோங் ஆகியோர் துணிந்து ஒரு முடிவெடுத்தனர். ஐவருள் இருவர் பெயர் தமிழ்ப் பெயர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இளம்பிள்ளை வாதக் கிருமியில் மூன்று வகை உண்டு. நகரில் பரவியது முதல் வகை; அவர்கள் தேர்ந்ததோ இரண்டாம் வகையின் வலுவிழந்த கிருமி. இது முரணாகத் தோன்றலாம். குழந்தையின் குடலில் தீங்கற்ற ஒரு கிருமி முன்னதாக இடம்பிடித்துக்கொண்டால், பின்வரும் தீய கிருமி எளிதில் வேரூன்றாது என்பதே அவர்கள் கொண்ட கருத்து. தவிர, மூன்றனுள் மீண்டும் கொடியதாக மாறும் அச்சம் குறைந்தது இரண்டாம் வகையே என்று அன்று கருதப்பட்டது.

யாரையும் வற்புறுத்தவில்லை, மருந்தை வழங்க முன்வந்தார்கள், அவ்வளவே. மூன்று மாதக் குழந்தை முதல் பத்து அகவைப் பிள்ளை வரை ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேருக்கு அது புகட்டப்பட்டது. 1957ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சிங்கப்பூரின் மக்கள்தொகை பதினான்கரை இலட்சத்திற்குச் சற்றுக் குறைவு. எனவே நகரில் ஏழு பேருக்கு ஒருவர் என்னுமளவில் மருந்துண்ட பிள்ளைகள் இருந்தனர். மருந்துண்டவரிடையே நோய் குறைந்ததையும், மருந்தால் தீங்கு விளைந்ததற்குச் சான்றில்லை என்பதையும் 1959இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவ்வைவரும் வெளியிட்டனர். பின்னாளில் மொன்டெய்ரோ சிங்கப்பூரின் தூதராகவும், கனகரத்தினம் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராகவும் விளங்கினர். அவர்களின் துணிவு போற்றுதற்குரியது. அதனினும் பெரிது, உலகம் இன்னும் முழுமையாக ஏற்காத ஒரு மருந்துக்குத் தம் மழலையின் வாயைத் திறந்து காட்டிய தாய்மாரின் நம்பிக்கை. தொண்ணூறு ஆண்டுச் சட்டம் அதனைப் பெற்றுத்தரவில்லை. நோயைக் கண்ணால் கண்ட அச்சமும், மருத்துவரை அறிந்த பழக்கமும் சேர்ந்து அதனைத் தந்தன.

பின்னர் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. பெரியம்மை 1959இல் கடைசியாகத் தலைகாட்டி மறைந்தது. 1962இல் தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியாவுக்கான தடுப்பூசி கட்டாயமாயிற்று. 1976இல் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டே தட்டம்மைத் தடுப்பூசியும், தொடக்கப்பள்ளியை விட்டுச் செல்லும் மாணவியர்க்கு ரூபெல்லாத் தடுப்பூசியும் அறிமுகமாயின. 1985இல் தட்டம்மைத் தடுப்பூசி கட்டாயப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கிடையே உலகினின்று பெரியம்மை ஒழிந்ததென 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவிக்க, 1981இல் சிங்கப்பூர் அம்மை குத்துதலைக் கைவிட்டது. மேற்கையில் தழும்புடையோர் ஒரு தலைமுறையாகவும், தழும்பற்றோர் மறு தலைமுறையாகவும் பிரிந்தனர். பள்ளியில் மீண்டும் இடப்பட்டுவந்த பி.சி.ஜி. ஊசியும் 2001இல் நின்றது. தேவையற்றதை நிறுத்தவும் தெரிந்திருந்தமை இத்திட்டத்தின் மீது நம்பிக்கை வளரக் காரணமாயிற்று.

இன்று சட்டம் கட்டாயமாக்கியிருப்பவை டிப்தீரியா, தட்டம்மை ஆகிய இரண்டனுக்கான தடுப்பூசிகளே. இளம்பிள்ளை வாதத்துக்கான தடுப்பு அப்பட்டியலில் இல்லை. இருந்தும் மிகப் பெரும்பாலான குழந்தைகள் அதனைப் பெறுகின்றனர்; 2000ஆம் ஆண்டில் மேற்குப் பசிபிக் வட்டாரம் முழுவதும் அந்நோயற்றதென அறிவிக்கப்பட்டது. 2003 முதல் தொடக்கக் கல்வியும் கட்டாயமாகிவிட்டமையால், பள்ளியைத் தவிர்த்துத் தடுப்பூசியையும் தவிர்க்கும் குறுக்கு வழியும் குறுகிவிட்டது.

நம்பிக்கை ஒருமுறை பெற்றால் என்றும் நிலைப்பதன்று. 2017இல் தமிழ்நாட்டில் பள்ளிகளின் வழியே தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி இடப்பட்டபோது, கைப்பேசியில் பரவிய வதந்தியால் பெற்றோர் பலர் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினர். பிறந்தது முதல் தடுப்பூசிகளைத் தயங்காமல் இட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். அதே ஆண்டு சிங்கப்பூரில், உள்நாட்டிலேயே தொற்றிய டிப்தீரியாவுக்கு வெளிநாட்டு இளந்தொழிலாளர் ஒருவர் பலியானார். 1992க்குப் பின் அத்தகைய தொற்று அதுவே முதல் முறை. பள்ளி வாயில் இந்நகரில் வளரும் பிள்ளைகளைக் காத்தது. வளர்ந்தபின் உழைக்க வந்தவர்கள் அவ்வாயிலைக் கடக்காதவர்கள்.

2019 பிப்ரவரி முதல் மற்றொரு விதி நடப்புக்கு வந்தது. வெளிநாட்டில் பிறந்து, நீண்டநாள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் பன்னிரண்டு அகவைக்குட்பட்ட குழந்தைகள் டிப்தீரியா, தட்டம்மைத் தடுப்பூசிகளுக்கான சான்றை முன்கூட்டியே காட்டுதல் வேண்டும். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் குடும்பத்தோடு வரும் தமிழர் பலர் இன்று விமானமேறுவதற்கு முன்பே, ஊர்ச் சுகாதார நிலையத்தில் தந்த பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுக்கிறார்கள்.